ஐப்பசி மழைக்கு வாங்கிய சார்ஜ் பல்பு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தெருவில் 3 நாள் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பிரஷர் மாத்திரையைத் தேடியது இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை ஐப்பசி பிறக்கும் முன்பே 9 வாட் சார்ஜ் பல்பு இரண்டு வாங்கிவிட்டேன், ஒன்று 350 ரூபாய்.

சாதாரண ஹோல்டரில் மாட்டினால் போதும், எரியும்போதே சார்ஜ் ஏறிவிடும். கரண்ட் போனால், சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை தானாக எரிகிறது. அட்டையில் 4 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். நல்ல வெளிச்சம் இரண்டரை மணி நேரம்தான், அப்புறம் மங்கிவிடுகிறது.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் மெயினைத்தானே அணைப்போம்? சோதித்துப் பார்த்தேன், மெயினை அணைத்ததும் இதுவும் அணைந்துவிட்டது. வெளி லைன் வழியாகவோ, வீட்டில் ஆனில் இருக்கும் மற்ற சாதனங்கள் வழியாகவோ மின்சுற்று முழுமையாக இருந்தால்தான் ஹோல்டரில் எரியும். மெயினை அணைத்து பல்பு எரியாதபோது, அதைக் கழற்றி, கூடவே தரும் கொக்கி மூடியில் பொருத்தி ஜன்னல் கம்பியில் தொங்கவிட வேண்டும். கழற்றிய பல்பின் அடியிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் ஈர விரல் பட்டதும் பளிச்சென்று எரிந்தது. அம்மா பதறிவிட்டார். பேட்டரி கரண்ட்தான், ஷாக் அடிக்காது.

கொக்கி மூடியை மாத்திரை டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.