நோவாவின் ஆய்வு மீன்பிடி அனுமதிச் சேவை: எந்தக் கதவைத் தட்டுவது?

சட்டம் அனுமதிக்கும் மீனை மட்டும் அளந்தால் மீன் இருப்பு எவ்வளவு என்று தெரியாது. குஞ்சும் குறுமீனும் கணக்கில் வராது. மீன்பிடிக்கத் தடை போட்டு மூடிவைத்த பகுதிக்குள் என்ன வளர்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் மூடிய பகுதியில் வலை போடவும், வலையின் மீன் சேரும் முனையில் சிறு கண்ணி மடி கட்டவும், தடைப் பருவத்தில் கடலுக்குப் போகவும் விலக்குக் கேட்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிக் கடலில் இந்த விலக்கைக் கையாள்வது நோவா எனப்படும் அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் மீன்வளத் துறை. அங்கே ஆய்வு செய்யப்போகும் மாணவர்களும் ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கும் முன் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. விதிகள் தெளிவாக இருக்கின்றன, காரணம் சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் தப்பான கதவைத் தட்டியவருக்கு ஒரு மீன்பிடிப் பருவமே கைவிட்டுப் போகும்.

முதல் கதவு ஒப்புகைக் கடிதம். கூட்டாட்சிக் கடலின் மீன்வளத்தை நிர்வகிக்கும் 1976ஆம் ஆண்டின் மாக்னசன்-ஸ்டீவன்ஸ் சட்டப்படி, அறிவியல் ஆய்வுக் கப்பலில் நடக்கும் ஆய்வு ‘மீன்பிடித்தல்’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதனால் அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆய்வுத் திட்டத்தை 60 நாள் முன்னதாக வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினால், ‘இது ஆய்வுதான்’ என்று ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் தருவார்கள். திட்டம் அனுப்புவது கட்டாயமில்லை, அறிவுரைதான். ஆனாலும் அனுப்பிவிடுங்கள். கடலோரக் காவல்படை கப்பலில் ஏறும்போது கடிதமும் திட்டமும் கையில் இருந்தால், நடப்பது ஆய்வு என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது. இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கப்பல் எப்படிப்பட்டது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அது வெள்ளை நிற ஆய்வுக் கப்பலாக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுத்த வணிக இழுவைப்படகும் தகுதி பெறும். அரசு அமைப்போ, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமோ, அறிவியல் நிறுவனமோ அதைச் சொந்தமாகவோ வாடகையாகவோ வைத்திருக்க வேண்டும், அதோடு கட்டுப்பாடும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். எங்கே வலை போடுவது, எத்தனை நிமிடம் இழுப்பது, எந்த மீனை வைத்துக்கொள்வது என்பதைத் தலைமை ஆய்வாளர் முடிவு செய்தால் அது ஆய்வுக் கப்பல். படகுத் தலைவர் மீன் இருக்கும் இடம் தேடிப் போக, ஆய்வாளர் அளவுகோலோடு கூடப் போனால் அது மீன்பிடிப்புதான். வாடகை ஒப்பந்தத்திலேயே இந்தக் கட்டுப்பாட்டை எழுதிவையுங்கள்.

செயலுக்கும் எல்லை உண்டு. வலை, தூண்டில் போன்ற கருவிகளைச் சோதிப்பது இந்த வரையறையில் சேராது. சந்தை ஆய்வுக்காகவோ காட்சிக்காகவோ மீனைக் கரைசேர்ப்பதும் சேராது. திட்டத்தில் இல்லாத மீனை எடுத்துவைத்தாலும் அந்தப் பகுதி ஆய்வு ஆகாது.

இவை எதிலாவது சிக்கினால் இரண்டாவது கதவுக்குப் போக வேண்டும். அதுதான் விதிவிலக்கு மீன்பிடி அனுமதி, சுருக்கமாக இ.எஃப்.பி. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 50ஆம் தலைப்பில் 600.745ஆம் பிரிவு இரண்டு கதவுகளையும் விவரிக்கிறது. விண்ணப்பத்தில் நோக்கமும் அதற்கான நியாயமும், குறிவைக்கும் மீனும் உடன் பிடிபடும் மீனும், ஒவ்வொன்றிலும் தேவைப்படும் அளவு, பிடித்ததை என்ன செய்யப்போகிறீர்கள், கடல் பாலூட்டிகளுக்கும் அழியும் நிலையில் உள்ள இனங்களுக்கும் மீன் வாழிடத்துக்கும் வரும் பாதிப்பு, இடம், காலம், கருவியின் வகை, அளவு, எண்ணிக்கை எல்லாம் வேண்டும்.

தடுமாற்றம் வருவது அளவு எழுதும் இடத்தில். ‘ஆய்வுக்குத் தேவையான அளவு’ என்று எழுதினால் விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பும். கணக்கைக் காட்டுங்கள்: 40 இழுவை, இழுவைக்கு 25 கிலோ என்றால் 1,000 கிலோ. பழைய கணக்கெடுப்பில் ஒரே இழுவையில் பெருமளவு வந்திருந்தால் அதற்கும் இடம் விட்டு, ஏன் விட்டீர்கள் என்றும் எழுதுங்கள். குறைத்துக் கேட்டால் உச்சவரம்பு பாதி வேலையிலேயே தொட்டுவிடும், ஆய்வு அங்கேயே நின்றுபோகும். கூட்டிக் கேட்டால் மீன் இருப்புக்குக் கேடு என்ற காரணமே மறுக்கப் போதும். திரும்ப விடும் மீனில் சாகக்கூடிய பங்கைத் தனி வரியில் காட்டுங்கள்.

அடுத்த பள்ளம் விலக்குப் பட்டியல். அனுமதியில் எழுதிய விதிகளுக்கு மட்டுமே விலக்கு, மற்ற எல்லா விதியும் அப்படியே நிற்கும். மூடிய பகுதிக்கு விலக்கு வாங்கிவிட்டுக் குறைந்தபட்ச நீளத்துக்குக் கேட்க மறந்தால், எந்தக் குறுமீனுக்காகப் போனீர்களோ அதைப் படகின் தளத்தில் வைத்திருப்பதே குற்றம் ஆகும். பிரிவு எண் வாரியாகக் கேளுங்கள்.

படகின் பெயர் முடிவாகவில்லையே என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். படகு விவரம் கிடைத்ததும், வேலை தொடங்கும் முன், கொடுத்தால் போதும் என்று விதியே சொல்கிறது. ஆனால் அனுமதி அதில் குறிப்பிட்ட படகுக்கு மட்டும்தான், இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. இயந்திரம் பழுதானால் பக்கத்துப் படகில் ஏறிப் போக வழியில்லை. மாற்றுப் படகு ஒன்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

அரை மதிப்பெண்ணுக்கு மேல் நாங்கள் குறைத்தது காலத்துக்காக. விரும்பும் நாளுக்குக் குறைந்தது 60 நாள் முன் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் விண்ணப்பம் முழுமையா என்று பார்த்து, கூட்டாட்சி அரசிதழில் அறிவித்து, 15 முதல் 45 நாள் வரை பொதுமக்கள் கருத்துக் கேட்டு, வட்டார மீன்வள மேலாண்மைக் குழுவுக்கும் கடலோரக் காவல்படைக்கும் மாநிலங்களுக்கும் படி அனுப்பி, சுற்றுச்சூழல் பரிசீலனையும் முடித்தால்தான் கையெழுத்து. இத்தனையும் 60 நாளில் அடங்காது. ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் செல்லாது. பல ஆண்டு ஆய்வென்றால் புதுப்பிக்கவும் இதே வழிதான். நீண்ட காலத் தரவுத் தொடர்வரிசைதான் மீன் இருப்பு ஆய்வின் உயிர் என்பதால் இந்த ஓராண்டு வரம்பு எங்களை உறுத்துகிறது.

சூரை, வாள்மீன், சுறா தேடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அட்லாண்டிக்கில் இவற்றைத் தொலைதூரம் வலசை போகும் இனங்களுக்கான பிரிவு கவனிக்கிறது. 1975ஆம் ஆண்டின் அட்லாண்டிக் சூரை உடன்படிக்கைச் சட்டத்தில் ஆய்வுக் கப்பலுக்கு விலக்கு இல்லை. ஆகவே பல்கலைக்கழகக் கப்பலே போனாலும் சூரைக்கும் வாள்மீனுக்கும் அறிவியல் ஆய்வு அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலான சுறா இனங்களுக்கு மட்டும் ஒப்புகைக் கடிதம் போதும். ஆனால் ஒரே கயிற்றில் பல கொக்கிகள் தொங்கும் நீள்தூண்டிலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சுறா ஆய்வுக்குப் போனாலும் உடன் ஏறக்கூடிய சூரையை நினைத்து இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து 3 கடல் மைல் வரை மாநிலத்தின் நீர். டெக்சாசிலும் ஃபுளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலும் அது 9 கடல் மைல். அங்கே நோவாவின் கடிதம் செல்லாது, மாநில அனுமதி வேண்டும். அழியும் நிலையில் உள்ள இனங்களைப் பிடித்தால் அவற்றுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அனுமதி வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் இல்லை என்பது பெரிய குறை.

இவ்வளவுக்கும் பிறகு பலன் இருக்கிறதா? இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வாள்மீனுக்கான ஆழ்நிலை மிதவைத் தூண்டில் 2015 முதல் இ.எஃப்.பி. வழியாகவே சோதிக்கப்பட்டு 2023இல் சட்டபூர்வக் கருவியானது. அலாஸ்காவில் இழுவலையில் சிக்கிய ஹாலிபட் என்ற தட்டைமீனைத் தளத்திலேயே பிரித்து உயிரோடு விடும் முறையும் இப்படித்தான் பரிசோதிக்கப்பட்டு 2019இல் விதியானது. விலக்காகத் தொடங்கியது விதியாக முடிவதுதான் இந்தச் சேவையின் பெருமை.

அனுமதி கிடைத்ததும் படகில் வைத்திருங்கள், அதில் எதையும் திருத்தாதீர்கள். பேனாவால் எண்ணை மாற்றினாலும் அது செல்லாததாகிவிடும். வேலை முடிந்து 6 மாதத்துக்குள், அல்லது அனுமதியில் அதற்கு முன்பே ஒரு நாள் குறித்திருந்தால் அதற்குள், பிடிப்பு அறிக்கை கொடுக்க வேண்டும். எதுவுமே விழாத இழுவைகளையும் இழுவை எண்ணோடு அட்டவணையில் சேருங்கள். அடுத்த முறை 25 கிலோ என்று எழுதும்போது ஆதாரமாகக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த அட்டவணைதான்.