32 இன்ச் மானிட்டரில் அரை மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நேற்று சாயங்காலம் கடைக்குப் போன் போட்டால் எடுக்கிறார்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே கொட்டுகிறேன். அலுவலக வேலைக்கு எந்த அளவு மானிட்டர் சரி என்று விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எவ்வளவு தூரம் போகிறது பார்ப்போம்.

எனக்குக் கணக்கு வேலை. நாள் முழுக்க எக்செல், பக்கத்தில் பில் ஸ்கேன், நடுநடுவே மெயில். ஏழு வருடமாக ஒரு 22 இன்ச் மானிட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஷீட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துச் சரிபார்க்க இடம் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை அரை மாதச் சம்பளம்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பெரிய ஷோரூம். பெயர் போடவில்லை, வேண்டாம். 27 இன்ச் வாங்கலாம் என்றுதான் போனேன். சேல்ஸ் பையன் வந்தான். "என்ன வேலைக்குக்கா?" என்றான். எக்செல் என்றேன். "அப்போ 32 எடுத்துருங்க, சின்னதுல பார்த்துப் பார்த்துத்தான் எல்லாருக்கும் தலைவலி வருது." 27-ஐ விட அந்த 32 விலை குறைவு! பெரியது எப்படிச் சின்னதைவிட மலிவாக இருக்கும் என்று எனக்கும் உறைத்தது, கேட்கவும் செய்தேன். "ஆஃபர்க்கா" என்றான். அப்புறம் பாக்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் திரையை ஓரம் ஓரமாகத் துடைத்துக்கொண்டே, "என் தங்கச்சிக்கும் இதையேதான் வாங்கிக் கொடுத்தேன், அவளும் உங்கள மாதிரி அக்கவுண்ட்ஸ்தான்" என்றான்.

அந்த இடத்தில் விழுந்தேன். தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்தவன் நமக்குக் கெட்டதையா தள்ளிவிடப் போகிறான்! இப்போது யோசித்தால் அவனுக்குத் தங்கச்சி இருக்கிறாளா என்பதே சந்தேகம்.

திரையில் கடலுக்கடியில் கலர் கலராக மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நான் ஆறு அடி தள்ளி நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். ஒரே ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. ரெசல்யூஷன் என்ன, அதாவது திரையில் எத்தனை பிக்சல் (புள்ளி) என்று மட்டும் கேட்டேன், பெட்டியில் ஒட்டியிருந்த '4கே சப்போர்ட்' ஸ்டிக்கரைக் காட்டினான். போதாததற்கு "4கேக்கு இந்தக் கேபிள்தான் வேணும்" என்று ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளையும் தலையில் கட்டினான். அதையும் சேர்த்துத்தான் அரை மாதச் சம்பளம்.

வீட்டில் மாட்டினேன். எழுத்தெல்லாம் பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் ஓரம் ரம்பப் பல் மாதிரி. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் மெல்லிசாகச் சிவப்பு, நீலம். சிறிய எழுத்தில் 3, 6, 8 மூன்றும் ஒரே ஜாடை. ஒரு பில்லில் 6-ஐ 8 என்று படித்துவிட்டு, கூட்டுத்தொகை ஏன் இடிக்கிறது என்று முக்கால் மணி நேரம் தேடினேன். டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 'ரெகமண்டட்' என்று போட்டிருப்பது 1920 × 1080, அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080. அதாவது உள்ளே இருப்பது சாதாரண ஃபுல் எச்டி பேனல், 4கேயில் இருக்க வேண்டிய புள்ளிகளில் கால்வாசிதான். '4கே சப்போர்ட்' என்றால் 4கே சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அதைச் சுருக்கி ஃபுல் எச்டியாகக் காட்டும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது பொய் இல்லையாம்!

இதைவிட வயிறு எரிந்தது இன்னொன்றுக்கு. பழைய 22 இன்ச்சில் ஒரு ஷீட்டில் 38 வரிசை தெரியும். புதியதில் எண்ணினேன். அதே 38. ஒன்று கூடக் கூடவில்லை, ஏனென்றால் பழையதும் 1920 × 1080தான். இடத்தைக் கொடுப்பது பிக்சல், இன்ச் இல்லை. அதே படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு நான் அரை மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறேன். பழையதில் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர் அகலம், இதில் 0.37. என் மேசை 60 செ.மீ. ஆழம், ஸ்டாண்டே பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் திரை முகத்துக்கு 45 செ.மீ.யில் நிற்கிறது. 71 செ.மீ. அகலத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு இடமும் வலமும் தலையைத் திருப்பித் திருப்பி மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. பெரியதில் பார்த்தால் தலைவலி வராதாம்.

மறுநாளே போன் போட்டிருந்தேன். "செட்டிங்ஸ் மாத்துங்கக்கா." செட்டிங்ஸை மாற்றினால் உள்ளே இருக்கும் பேனல் மாறிவிடாது என்றேன். "கேபிள சரியா சொருகிப் பாருங்க." அடுத்த தடவை "நாலு நாள்ல பழகிடும்க்கா". அதற்கடுத்து நேரிலேயே போனேன். அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் ஸ்டாக் ரூமுக்குள் போய்விட்டான், மேனேஜர் வந்தார், அக்கா மேடம் ஆகிவிட்டது. "பொருள்ல குறை எதுவும் இல்லையே மேடம், உங்களுக்குப் பிடிக்கல, அவ்ளோதான். பெட்டியும் பிரிச்சாச்சு." பெட்டியைப் பிரிக்காமல் மானிட்டரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், பில்லைத் திருப்பி அதன் பின்பக்கம் எறும்பு மாதிரி ஊர்ந்த ஒரு வரியைக் காட்டினார். சரி, வித்தியாசத்தைக் கட்டிவிடுகிறேன், 27 இன்ச்சாக மாற்றிக் கொடுங்கள் என்றேன். அதற்கும் முடியாது. தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் மானிட்டர் அதன் அளவீட்டின்படி சரியாக வேலை செய்கிறது என்கிறார்கள். வேலை செய்யாமலாவது போயிருக்கலாம்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்ச்சை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 1920 × 1080 என்றால் 24 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல் வரும், எழுத்து படிக்கலாம். அதே ரெசல்யூஷன் 27-ல் 82, என்னுடைய 32-ல் வெறும் 69. 27 இன்ச் வேண்டுமென்றால் 2560 × 1440, அதில் 109 வரும், வரிசையும் நிஜமாகவே கூடுதலாகத் தெரியும். 32-க்குப் போனால் நிஜ 4கே, ஆழமான மேசை. 'சப்போர்ட்' என்ற சொல்லை நம்பாதீர்கள், 'நேட்டிவ் ரெசல்யூஷன்' (திரையில் நிஜமாகவே இருக்கும் பிக்சல்) என்ன என்று கேட்டு, அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையில் மீன் படம் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள், உங்கள் ஷீட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். ஸ்டாண்ட் உயரம், பேனல் வகை எல்லாம் எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை.

பழைய 22 இன்ச்சை அண்ணன் மகனுக்குக் கொடுத்திருந்தேன். மாதக் கடைசிக் கணக்கு தலைக்கு மேல் நிற்கிறது, வேறு வழியில்லாமல் அவனிடமே திருப்பிக் கேட்டேன். "கொடுத்துட்டுக் கேக்குறீங்களே அத்தை" என்று சிரித்துக்கொண்டேதான் எடுத்து வந்தான், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த 32-ஐ அவன் தலையில் கட்டியாயிற்று. வீடியோ பார்க்க நன்றாக இருக்கிறதாம்.