தொடையில் தகடு வைத்த கறுப்பிக்கு எம்.ஆர்.ஐ.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு நாய் கறுப்பிக்கு 9 வயது. 3 வயதில் மோட்டார் சைக்கிள் இடித்துத் தொடை எலும்பு முறிந்து, தகடும் 6 திருகாணியும் வைத்தார்கள். போன மாதம் பின்னங்கால் இரண்டும் தள்ளாட ஆரம்பித்தன. முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கலாம், காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஸ்கேன் மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் குறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

போன் எடுத்த பெண், “உள்ளே இரும்பு இருந்தா எம்.ஆர்.ஐ. கிடையாது ஆன்ட்டி, சி.டி. எடுத்துக்குங்க” என்று வைத்துவிட்டாள். என்ன உலோகம், எங்கே இருக்கிறது, எப்போது வைத்தது என்று ஒரு கேள்வி இல்லை. சி.டி.யில் காந்தம் கிடையாது, எக்ஸ்ரே கதிர்தான், அது சரி. ஆனால் எங்கள் டாக்டர் பார்க்க நினைத்தது தண்டுவடத்தை. அதை எம்.ஆர்.ஐ. அளவுக்கு சி.டி. காட்டாது. இப்படியே இரண்டு நாள் போயிற்று. எழுந்து நிற்க முடியாத நாயைத் தூக்கித் தூக்கி வெளியே கொண்டுபோனவர்களுக்கு அந்த இரண்டு நாளின் நீளம் தெரியும்.

டாக்டரே பேசிய பிறகு, ஸ்கேன் எடுக்கும் தம்பி என்னை அழைத்தார். முதல் கேள்வியே, “தகடு என்ன உலோகம் அக்கா? பழைய ஃபைல் இருக்கா?” என்னிடம் இருந்த சீட்டில் ‘தகடு, திருகாணி’ என்று மட்டும்தான் இருந்தது. அறுவை செய்த பழைய கிளினிக்கில் கெஞ்சிக் கேட்டேன். தகடு வந்த பொட்டலத்தின் ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டி வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்: 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஸ்டீல் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தம்பி சிரித்துக்கொண்டே, “ஃபிரிட்ஜ் காந்தத்தை நல்ல எவர்சில்வர் டம்ளர்ல வெச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன், வழுக்கி விழுந்தது. குரோமியமும் நிக்கலும் சேர்ந்த அந்த வகை எஃகைக் காந்தம் அநேகமாக இழுப்பதில்லையாம். விட்டேனா, அடுக்களை முழுக்க வைத்துப் பார்த்தேன். மலிவாக வாங்கிய கரண்டி ஒன்றில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அதைச் சொன்னதும், “அதுக்குத்தான் அக்கா, பார்வைக்கு எல்லாம் ஒண்ணுதான். எங்களுக்கு அந்த ஸ்டிக்கர் வேணும்” என்றார். டைட்டானியமாக இருந்தால் இன்னும் நல்லது, படமும் அவ்வளவு கெடாது. எலும்பில் திருகி 6 வருடமான தகடு அசையாது, ஆனால் சூடேறலாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்த பிராணி என்றால் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்க மாட்டார்களாம்.

காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு பக்கத்து வீட்டு அண்ணனின் மைவி காரில் போனோம். பார்க்கிங் படு மோசம். படிவத்தில் ‘உலோகம்: உண்டு / இல்லை’ என்று ஒரே வரி. மைக்ரோசிப் பற்றிக் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். சிப் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. கழுத்தை எடுப்பதாக இருந்தால் அந்த இடம் படத்தில் கறுத்துப்போகும், இடுப்புப் பக்கம் என்பதால் பாதகமில்லை என்றார்கள். கழுத்துப்பட்டையையும் மாநகர் மன்றத்தின் உரிமப் பில்லையையும் கழற்றச் சொன்னதுகூடக் கவுன்டர் இல்லை, தம்பிதான். அந்தக் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது அணைவதில்லை. முன்னதாக ஓர் எக்ஸ்ரே எடுத்து, திருகாணி ஏதும் கழன்றிருக்கிறதா, ஊசி கீசி எதையாவது விழுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாலை தோண்டுவது போல் சத்தம். எனக்குப் பிடித்துப்போனது ஒரு விஷயம். ஒரு சுற்றுப் படம் முடிந்ததும் தம்பி உள்ளே போய்த் தகடு இருக்கும் தொடையில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். மனிதர்கள் கையில் ஒரு பந்தைக் கொடுத்திருப்பார்கள், சுட்டால் அழுத்தலாம். மயக்கத்தில் கிடக்கும் நாய் யாரிடம் சொல்லும்?

முடிந்ததும் படத்தைக் காட்டினார்கள். அளவு பார்க்க முதலில் எடுத்த படத்தில், தொடை இருக்க வேண்டிய இடத்தில் சுருட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொத்தல், அதன் ஓரத்தில் சதையெல்லாம் வளைந்து நெளிந்து கிடந்தது. முதுகுப் படத்தில் அந்தக் கோளாறு எதுவும் இல்லை. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது எனக்கே தெரிந்தது.

கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மயக்க மருந்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள், முன்பே சொல்லியிருக்கலாம். ஆனாலும் உள்ளே வேலை செய்தவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கறுப்பியைக் காரில் படுக்க வைத்த பிறகுதான் கழுத்துப்பட்டை ஞாபகம் வந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் பட்டையை நீட்டிக்கொண்டே, “தகடு இருந்தும் எடுத்துட்டாங்களா ஆன்ட்டி?” என்றாள். போனில் கேட்ட அதே குரல்.