மாடியில் கொய்யா, எலுமிச்சைக்கு ஜியோ ஃபேப்ரிக் பை: வாங்கலாமா?

வாங்கலாம், வேருக்காகவே வாங்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் சுவரை முட்டிய வேர் திரும்பி வட்டமடிக்கும். நாளடைவில் அந்த வளையமே தூரை நெரிக்கும். இலை வெளிறும், பிஞ்சு உதிரும், எவ்வளவு உரம் போட்டாலும் எடுபடாது. ஜியோ ஃபேப்ரிக் என்பது காற்றுப் புகும் தடித்த துணி. அந்தத் துணிப் பையில் வேர்முனை ஓரத்துக்கு வந்ததும் காற்றுபட்டுக் காய்ந்து நின்றுவிடும். உடனே பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கும். நீரையும் சத்தையும் பெரும்பாலும் உறிஞ்சுபவை இந்த மெல்லிய வேர்களும் அவற்றின் தூவிகளும்தான். பையை ஓரமாகக் கீறிப் பார்த்தால் வெள்ளை நூலாய்ப் பரவியிருக்கும். அழகு!

18x18 அங்குலப் பை (விட்டம், உயரம்) சுமார் 75 லிட்டர் கொள்ளும். பழமரத்துக்கு இதற்குக் குறைந்து எடுக்காதீர்கள். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, தேங்காய்நார்க் கழிவு 1 போதும். ஒட்டுக்கன்றென்றால், ஒட்டுக் கட்டிய பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாவதால் கோடையில் இருவேளை தண்ணீர் கேட்கும். காய்ந்த மண் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டால், ஊற்றுவதெல்லாம் அதன் வழியே ஓடிவிடும். மெதுவாக, இரண்டு தவணையாக ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரென்றால் வெளியே உப்பு வெள்ளையாகப் பூக்கும். தரையில் நேரடியாக வைத்தால் அடியில் காற்றுபடாது, வேர் வெளியேறிப் படரும். நாலு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். கைப்பிடியை நம்பி ஈரமண்ணோடு தூக்கினால் தையல் பிரியும்.