30க்கு 28 வாங்கிய அண்ணன்

இந்தத் தடவை டொரான்டோவிலிருந்து மதுரை வந்ததே அண்ணனை டாக்டரிடம் காட்டத்தான். வயது 56. மறதி கிடையாது, யார் யாருக்கு என்ன உறவு என்று பிசகாமல் சொல்வார். ஆனால் ஆள் மாறிவிட்டார் என்று அண்ணி ஒரு வருடமாகவே புலம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் போனது பெரிய ஆஸ்பத்திரி. பேக்கேஜ் என்று ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஜூனியர் டாக்டர் ஒருவர் தேதி, கிழமை கேட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஞாபகம், கவனம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க 1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ. சோதனை அது. 30க்கு 28. 'டென்ஷனா இருக்கும்' என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்துப் போனது சின்ன கிளினிக். ஃப்ரன்டோடெம்பரல் டிமென்ஷியாவில் (மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் சுருங்கும் நோய்) நடத்தைதான் பெரும்பாலும் முதலில் கெடும், ஞாபகம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும், அதனால் அந்த 28ஐ நம்ப முடியாது என்றார் நரம்பியல் டாக்டர். அவர் செய்தது முன்மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஃப்ரன்டல் அசெஸ்மென்ட் பேட்டரி: பத்து நிமிடம், ஆறு பகுதி, 18 மார்க். முஷ்டி, கையின் ஓரம், உள்ளங்கை என்று வரிசையாக மேசையில் வைக்க வேண்டும். டாக்டரோடு சேர்ந்து செய்தபோது சரியாக வந்தது. தனியாக விட்டதும் ஓரத்தை விட்டுவிட்டு முஷ்டி, உள்ளங்கை, முஷ்டி, உள்ளங்கை என்றே போனார். ஒரு நிமிடத்தில் 'க'வில் தொடங்கும் வார்த்தைகள் கேட்டால் கல், கத்தி, கல், கடை, மறுபடி கல். எல்லாப் பகுதியும் சேர்த்து 18க்கு 11 மார்க்.

அப்புறம் அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டு அண்ணியை உட்கார வைத்தார். ஃப்ரன்டல் பிஹேவியரல் இன்வென்டரி, அதாவது நடத்தை மாற்றத்தைக் கூட இருப்பவரிடம் கேட்கும் படிவம்: 24 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. (1997இல் ஆண்ட்ரூ கெர்டெஸ் குழு இதை வெளியிட்டது நான் குடியிருக்கும் ஒன்டாரியோவில். நான் பார்த்தது மதுரையில்!) ஆர்வம் குறைந்ததா, இடம் தெரியாமல் ஜோக் அடிக்கிறாரா, சாப்பாட்டுப் பழக்கம் மாறியதா என்று நல்ல மதுரைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். 'எங்கம்மா செத்து பாடி வீட்ல கிடக்கு டாக்டர், டிபன் வரலையான்னு கேட்டாரு. ராத்திரி எந்திரிச்சு சர்க்கரை டப்பாவைக் காலி பண்றாரு' என்றார் அண்ணி. அண்ணன் முன்னால் இதையெல்லாம் எப்படிச் சொல்வார்? வெளிநாட்டிலிருந்து வந்து அழைத்துப் போகிறவர்கள், கூடவே வாழ்கிறவரிடம் தனியாகப் பேசச் சொல்லி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மார்க்கை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு எல்லாம் இல்லையென்று பார்த்தாக வேண்டும். பழைய எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கில் மாட்டி முன்மூளைச் சுருக்கத்தைக் காட்டினார். முதல் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்றது' என்று ஒரு வரியோடு முடித்திருந்தார்கள்.

நோயை நிறுத்த மருந்து கிடையாது. ஆறு மாதம் கழித்து இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுவாராம், அதனால் மார்க் தாளின் ஜெராக்ஸை அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். டாக்டர் சொன்னபடி மறுநாளே பேங்குக்குப் போய், அண்ணன் சம்மதத்தோடு, அவருடைய ஜிபேயில் தினசரி வரம்பைக் குறைத்துவிட்டு வந்தோம்.