21 அட்டை, ஒரு பிஸ்கட் டின்: 14 மாத வாய்பாட்டு அனுபவம்

பள்ளியில் இரண்டாம் ஆண்டு முடியும்போதே என் மகள் ஏழாம் வாய்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று தொடங்கினால் எழுபது வரைக்கும் நிற்க மாட்டாள். நடுவில் நிறுத்தி, "எட்டேழு எவ்வளவும்மா?" என்று கேட்டால் மட்டும் உதடு அசையும். மறுபடி ஓரேழிலிருந்து படி ஏறி, எட்டாவது படிக்கு வந்துதான் பதில் சொல்வாள். பதில் சரிதான். ஆனால் ஒரு பெருக்கல் கணக்குக்குள் மூன்று முறை இப்படி ஏறி இறங்கினால், மேலே கொண்டுபோக வேண்டிய எண் அதற்குள் மறந்துவிடும்.

முதலில் கைப்பேசியில் ஒரு செயலி போட்டோம். மூன்று மாதம் ஓடியது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விநாடி, பிறகு சிவப்பு மணி. இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே வைக்கும் வாய்பாட்டுச் சோதனையில்கூட 25 கேள்வி, கேள்விக்கு 6 விநாடி. இவள் அப்போதுதான் மூன்றாம் ஆண்டில் நுழைந்திருந்தாள். மணி அடித்துவிடுமே என்ற பயத்தில் கைக்கு எட்டிய எண்ணை அழுத்தக் கற்றுக்கொண்டாள். செயலிக்குள் கிடைத்த நாணயத்தைச் சேர்த்து, அதிலிருந்த பூனைக்குத் தொப்பி வாங்கினாள். வாய்பாடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம்தான் இந்த டின். மணிலா அட்டை இரண்டு, ஒரு மார்க்கர் பேனா, தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின். மொத்தச் செலவு ஐந்து ரிங்கிட்டுக்குள்.

நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உட்கார்ந்து கழித்துப் பாருங்கள். ஒன்றும் பத்தும் யாருக்கும் பாரமில்லை. இரண்டு முதல் ஒன்பது வரை 64 பெருக்கல். 3×8 தெரிந்தால் 8×3 தெரியும் என்பதால் அது 36 ஆகிவிடும். இரண்டாம், ஐந்தாம் வாய்பாடு அவளுக்கு ஏற்கெனவே தண்ணீர்பட்ட பாடு. அவற்றையும் எடுத்தால் மிச்சம் 21. அன்றைக்கு அவள் முகத்தில் வந்த நிம்மதியை எந்தப் பூனைத் தொப்பியும் தந்ததில்லை.

இந்த 21க்கும் ஒவ்வோர் அட்டை வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதினேன். டின்னுக்குள் அட்டைத் தடுப்பு வைத்து மூன்று அறை. முதல் அறை தினமும், இரண்டாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவது சனிக்கிழமை மட்டும். படி ஏறாமல் சட்டென்று சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். அட்டையை இப்படி அறை மாற்றும் யோசனை என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதி வைத்தது. நான் மாற்றியதில் முக்கியமானது ஒன்று: முதல் அறையில் ஒரு நேரத்தில் நான்கு அட்டைக்கு மேல் வைக்கவில்லை. தினம் ஐந்து நிமிடம். கடிகாரம் வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் கோலாலம்பூரின் செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறினால் மஸ்ஜிட் ஜாமெக் வருவதற்குள் மூன்றாவது அறை முடிந்துவிடும்.

தடுமாறும்போது பதிலைச் சொல்லிக்கொடுக்காமல் வழி கேட்பேன். 6×8 வரவில்லையா, ஐயெட்டு நாற்பதிலிருந்து ஓர் எட்டு கூட்டு. 9×7க்கு எழுபதில் ஏழைக் குறை. சில வாரத்தில் அந்த வழியும் தேய்ந்து, பதில் நேராக வந்துவிடுகிறது. 7×8 மட்டும் எந்த வழிக்கும் மசியவில்லை. 54, 48, சில நாள் 58கூட. "துஜு லாப்பான், லீமா புலு எனாம்" என்று என் கணவர் குறுக்கே பாடுவார். தேசியப் பள்ளியில் படித்தவர், இன்றைக்கும் மலாயில்தான் பெருக்குவார், வாய்பாட்டைச் சிஃபிர் என்றுதான் சொல்வார். அது இவளை இன்னும் குழப்பியது. கடைசியில் 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதி, நடுவில் ஒரு சமக்குறி போட்டுக் காட்டினேன்: 56 = 7×8. இரண்டு நாள் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதம் 6×8 அட்டைக்கு மட்டும் மின்னல் வேகத்தில் பதில் வந்தது. சந்தேகப்பட்டு அதே கேள்வியை வாயால் கேட்டேன். விழித்தாள். பார்த்தால் அட்டையின் மூலையில் மைலோ கறை. கறையைப் பார்த்துத்தான் 48 சொல்லியிருக்கிறாள்! எல்லா அட்டையையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று இதைவிடப் பெரிய குறை. வகுத்தல் வந்தபோது 56ஐ ஏழால் வகுக்கச் சொன்னால் தெரியவில்லை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று எழுதினால் மூளையும் ஒரு வழிப் பாதையாகிவிடுகிறது போல. பத்தாவது மாதம் முக்கோணமாக வெட்டி, மூன்று மூலையிலும் 7, 8, 56 என்று எழுதி, ஒரு மூலையை விரலால் மறைத்துக் கேட்கத் தொடங்கினேன். முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்திருக்கலாம்.

பெரியவர் யாராவது தினமும் கூட உட்கார வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் வேலை முடிந்து தாமதமாக வந்த வாரங்களில் டின் மூடியேதான் கிடந்தது. பாட்டியிடம் கொடுத்தால் அவர் "ஈரேழு பதினாலு லோகம்" என்று தொடங்கிக் கதைக்குப் போய்விடுவார்.

இப்போது நான்காம் ஆண்டு. 21இல் 19 மூன்றாவது அறையில். 6×7ம் 8×8ம் இன்னும் போய்ப் போய் வருகின்றன. போன வாரம் சந்தையில் காய்க்காரரிடம், "அண்ணே, எலுமிச்சம்பழம் ஏழெட்டு போடுங்க" என்றேன். பக்கத்தில் நின்றவள் உடனே, "அம்மா, அம்பத்தாறு பழம் எதுக்கு?" என்றாள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.