ஏசி பைப் ஸ்லீவ் வட்டவடைப் பனிக்குத் தாங்குமா?

ஏசிக்காரர்கள் செம்புக் குழாயில் மாட்டுகிற கருப்பு நைட்ரைல் ரப்பர் ஸ்லீவ்தான். ஆறடித் துண்டாகக் கிடைக்கும். மூணாறு பக்கத்து மலையூரான வட்டவடைக்காரர்களுக்கு ஏசி எதற்கு? ஜனவரி விடியலில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரணும், அதற்காகத்தான் உடுமலையில் வாங்கி பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தேன்.

வாங்கும்போது சைஸில் கவனம். முக்கால் இஞ்ச் என்று கேட்டால் 19 மி.மீ. ஓட்டை உள்ளதை எடுத்து நீட்டுவார்கள். நம் முக்கால் இஞ்ச் சிபிவிசி பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் அது ஏறாது. ஏசிக்காரர் கணக்கு வெளிவிட்டக் கணக்கு. சிபிவிசியின் வெளிவிட்டம் 22 மி.மீ., அதனால் 7/8 என்று கேளுங்கள். அரை இஞ்சுக்கு 5/8. கனம் 9 மி.மீ. வேண்டாம், 13 எடுங்கள்.

கடைக்காரர் மண்ணுக்குள் போகும் லைனுக்கும் சேர்த்து என் தலையில் கட்டப் பார்த்தார். தேவையே இல்லை. கனடாவிலும் லடாக்கிலும் மண்ணே சில அடி ஆழத்துக்கு உறைந்துபோகும். அதற்கும் கீழே பைப்பை இறக்க வேண்டும், முடியாத இடத்தில் ஹீட்டிங் கேபிள் ஓட்டுவார்கள். இங்கே பனி புல்லை வெளுக்கும், கேரட் தழையைக் கருக்கும், ஒன்றரை அடி ஆழத்தை எட்டாது. நமக்குத் தொல்லை, பைப் மண்ணைவிட்டு வெளியே வந்து சுவர் ஏறுகிற இடத்தில்தான்.

அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. போட்ட லைனில் மாட்ட, நீளவாக்கில் பிளேடால் கீறி, கவ்வவிட்டு, டேப் சுற்றினால் போதும். வளைவில் வரும் எல்போவையும், தண்ணீரை அடைக்கிற கேட்வால்வையும் மட்டும் அம்மணமாக விட்டுவிடாதீர்கள், ஐஸ் முதலில் கட்டுவது அங்கேதான். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அதில் சுற்றினேன்.

ஆனால் கம்பளி போர்த்தினால் கல் சூடாகாது. ஸ்லீவ் குளிரைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் நின்றால் இதையும் மீறி உறையும். உறைந்தால் 9 சதவீதம் பருத்து பைப்பை விரிக்கும். பனி கொட்டும் ராத்திரி கடைசிப் பைப்பை நூல்போல ஒழுக விடுங்கள், இல்லை லைனை வடித்துவிடுங்கள்.

அப்படியும் அடைத்துக்கொண்டால் பைப்பைத் திறந்து வைத்துவிட்டு, அந்த முனையிலிருந்து வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே பின்னால் போங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவதும், பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாதிரி சுள்ளி கொளுத்திக் காட்டுவதும் பைப்புக்கு நேரே காலன்.

குறை என்றால் வெயில்தான். மலை வெயிலில் ரப்பர் வெடித்துப் பொடியாக உதிர்கிறது. மேலே அலுமினியம் டேப் சுற்றியே ஆகணும், அந்தச் செலவைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பத்துக்கு ஏழு கொடுப்பேன். எலி வேறு கடிக்கிறது. அதற்கு வழி கண்டவர்கள் யாராவது எழுதுங்கள்.